முப்பதுக்குக் கீழே

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் மைனாவும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க நின்றே வேலை பார்க்காதே என்றால் கேட்கவா போகிறாய்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தாலே மைனா வந்து ஒட்டிக்கொள்கிறாள். "யாரு, மாமாவா? குடு, குடு" என்று பிடுங்கித் தன் கதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் திருப்பித் தருவாள். அந்த வாய்க்குத்தான் அவளுக்கு இந்தப் பெயரே வந்தது. அவளைப் பற்றி அவளை வைத்துக்கொண்டே என்ன பேசுவது? நான் கிறுக்கும் எழுத்து அவளுக்குப் படிக்க வராது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பெரிய பெரிய எழுத்தில் நாலு சொல்.

விஷயம் இதுதான். மத்தியானம் தூங்கும்போது அவளுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது. நேற்று எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு எண்ணும்வரை நெஞ்சு அசையவில்லை. தைத்துக்கொண்டிருந்த சட்டையைப் போட்டுவிட்டு ஓடி உலுக்கினேன். எழுந்து உட்கார்ந்து, "என்னம்மா, தீ புடிச்சிருச்சா?" என்கிறாள்.

டாக்டர் பார்த்தார். "டவுன் சிண்ட்ரோம் பிள்ளைங்களுக்கு இது வர்றதுதான். தொண்டையில ஒரு ஆபரேஷன் பண்ணலாம். ஆனா முதல்ல எடை குறையணும். இந்த எடையோட மயக்கம் குடுக்கப் பயமா இருக்கு" என்றார்.

அறுபத்தொரு கிலோ இருக்கிறாள். உயரமோ என் தோளுக்குக் கீழே. பத்தொன்பது வயதாகிறது. எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது நெஞ்சைத் திறந்து தைத்து மீட்டுக்கொண்டு வந்த பிள்ளை அது. அன்றைக்கு அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டோம். அவர் போய் ஒன்பது வருடமாகிறது. இப்போது இரண்டு பக்கமும் நானேதான்.

இந்தப் பிள்ளைகளின் உடம்பை அளக்கிற இடத்தில்தானே நீ வேலை பார்க்கிறாய். எவ்வளவு குறைக்க வேண்டும், எப்படிக் குறைக்க வேண்டும் என்று எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். முதுகு பரவாயில்லை. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பயப்படாதே.

டவுன் சிண்ட்ரோம் உள்ள எழுபது பேரை இப்போது அளந்துகொண்டிருக்கிறோம். பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்தைந்து வரை. உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லும் பெரிய கருவி ஒன்று இருக்கிறது. கட்டில் மாதிரிதான். படுத்தால் மேலே ஒரு கை மெதுவாக நகர்ந்துபோகும். அசையாமல் கிடக்க வேண்டும், அதுதான் பெரும்பாடு. போன வாரம் ஒரு பெண் ஏறவே மாட்டேன் என்றாள். முதலில் நான் படுத்துக் காட்டினேன். கைகொட்டிச் சிரித்துவிட்டு, "போதும் எந்திரி, இது என் கட்டில்" என்று என்னை இறக்கிவிட்டாள்.

உனக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். அதில் சின்னக் கருவி ஒன்று இருக்கும். வெறுங்காலோடு அதன்மேல் நின்று, கைப்பிடி இரண்டையும் பிடிக்க வேண்டும். எடையும் சொல்லும், உடம்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு கொழுப்பு என்றும் சொல்லும். எங்களிடம் உபரியாகக் கிடந்ததைக் கேட்டு வாங்கினேன். பெண்களுக்கு முப்பதுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கூட இருக்கும் தாளில் போட்டிருக்கிறது. வாரம் ஒரு நாள் நிறுத்திப் பார். எடையைவிடக் கொழுப்புதான் முக்கியம்.

அந்தக் கருவியைப் பற்றி இன்னொரு விஷயம் உண்டு. எழுதினால் நீளும். நேரில் வரும்போது சொல்கிறேன்.

மைனாவுக்கு என் முத்தம். அவள் எங்கே போகிறாள் இப்போது, அதே மெழுகுவத்திக் கூடத்துக்குத்தானா?

தம்பி


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். கருவி வந்து சேர்ந்தது. உனக்குக் கோடி புண்ணியம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தேன், ஒரு விளக்கு கொடுத்தாய்.

முதல் நாள் நாற்பத்து மூன்று காட்டியது. தாளை எடுத்து மறுபடி பார்த்தேன். மைனாவுக்கோ கொண்டாட்டம். விளக்கு எரிகிற பலகை, கைப்பிடி, எண். "நான் ஜெயிச்சிட்டேனா?" என்று கேட்டாள். "முப்பதுக்குக் கீழ வந்தாத்தான் ஜெயிப்ப" என்றேன். அன்றிலிருந்து இது எங்களுக்கு ஒரு விளையாட்டு.

சர்க்கரை, எண்ணெய், பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். ஆமாம், அதே மெழுகுவத்திக் கூடம்தான். அவளைப் போன்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து, ஒரு பெட்டிக்கு ஆறு மெழுகுவத்தி வீதம் அடுக்குகிறாள். அங்கே யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். பசிக்கிறது, பசிக்கிறது என்கிறாள். எப்போதும் சொல்வதுதான். வயிறு முட்டச் சாப்பிட்டு எழுந்தும் சொல்வாளே, நீயே பார்த்திருக்கிறாய்.

முப்பதைத் தொட்டதும் டாக்டரிடம் கூட்டிப்போய் நிறுத்துவேன். இவ்வளவு போதுமா, இன்னும் குறைக்கலாமா? உடனே பதில் போடு.

அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? ஆறு வாரமாகியும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனும் தொடர்புக்கு வெளியே என்கிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

எடை ஐம்பத்து நாலுக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த எண் மட்டும் அசையவில்லை. அதே நாற்பத்து மூன்று. இது எப்படி? அவளுடைய கவுன்களை இடுப்பில் மூன்று விரல் பிடித்துத் தைத்தேன். கன்னம் ஒட்டிவிட்டது. ஆனாலும் கருவி கொழுப்பு என்கிறது. எங்கே ஒளிந்திருக்கிறது அது?

வாரம் ஒரு நாள் என்றாய். எனக்குப் பொறுக்கவில்லை, தினமும் காலையில் நிறுத்துகிறேன். ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன். சமையலறைப் பக்கம் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கிறேன். வேறு வழியில்லை. தூக்கத்தில் மூச்சு இன்னும் நின்றுதான் வருகிறது. சொல்ல வேண்டியவன் நீ. சொல்.

உறையை ஒட்டித் தபாலில் போடும் வேலையை மைனாவிடம் கொடுத்திருக்கிறேன். அவளுக்கும் ஒரு நடை.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. இரண்டரை மாதமாகக் கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு பள்ளி பள்ளியாக அலைந்தேன். போன் எடுக்காத இடங்கள். வந்து பார்த்தால் மேசைமேல் உன் கடிதங்கள். இப்போதும் அவசரத்தில்தான் எழுதுகிறேன், வாசலில் வண்டி நிற்கிறது.

ஏழு கிலோ குறைத்துவிட்டாயா! பெரிய சாதனை அக்கா. எங்களிடம் வரும் அம்மாக்கள் ஒரு கிலோவுக்கே முக்குகிறார்கள். எண் இறங்கக் கொஞ்சம் நாளாகும். விடாதே.

உறையின் பின்பக்கம் மைனா எழுதியிருந்ததைப் பார்த்தாயா? முழங்கை நீளத்துக்கு "மாமா பசி". இங்கே எல்லாரிடமும் காட்டிச் சிரித்தேன். உன்னை ஏமாற்றிவிட்டு எனக்கு மனுப் போடுகிறாள் கள்ளி!

அவளிடம் சொல், மாமா வரும்போது பெரிய பொட்டலம் கொண்டுவருவேன் என்று.

தம்பி


ஜூன் 23

தம்பிக்கு,

நலம். நீ நலமா?

உன் சொல்லைப் பிடித்துக்கொண்டு விடாமல் செய்கிறேன். எடை நாற்பத்து ஆறு. எண் நாற்பத்து ஐந்து. ஏறியிருக்கிறது. எடையில் பாதி தண்ணீர்தான் என்று பக்கத்துக் கடைக்காரம்மா சொன்னாள். அதனால் தண்ணீரையும் அளந்து கொடுக்கிறேன்.

மைனா நலம். முன்போலத் தொந்தரவு இல்லை. உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்தான். கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டோம், படி ஏறச் சோம்பல்படுகிறாள்.

உறைமேல் இனி எழுத மாட்டாள்.

அக்கா


ஜூலை 8

அக்கா,

இந்த வரியைப் படித்ததும் மைனாவுக்குச் சாப்பாடு கொடு. தண்ணீர் கொடு. மிச்சத்தைப் பிறகு படி.

நேற்றிலிருந்து உனக்குப் போன் அடிக்கிறேன், எடுக்கவில்லை. பக்கத்துக் கடை போனும் அடித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

எழுபது பேரையும் பெரிய கருவியிலும் சின்னக் கருவியிலும் மாற்றி மாற்றி அளந்தோம். நேற்றுதான் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சேரவே இல்லை. ஒருவருக்கு ஆறு தள்ளிப்போகிறது, ஒருவருக்குப் பன்னிரண்டு. சின்னக் கருவி கொழுப்பை நேரில் பார்ப்பதில்லை அக்கா. உடம்புக்குள் மெல்லிய மின்சாரத்தை விட்டு, அது எவ்வளவு தடைபடுகிறது என்பதை வைத்து ஒரு கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு வேறு ஆட்களின் உடம்பை வைத்துச் செய்தது. மைனாவின் கை கால் நீளம் வேறு, உடம்பில் நீர் நிற்கிற விதம் வேறு. தண்ணீர் குறைந்தால் அதையும் கொழுப்பு என்றே எழுதிவிடும். நீ தண்ணீரைக் குறைக்கக் குறைக்க எண் ஏறத்தான் செய்யும். குறைந்ததெல்லாம் தசையாக இருக்கும்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நேரில் சொல்கிறேன் என்றேனே, அது. இந்தச் சின்னக் கருவியை இந்தப் பிள்ளைகளுக்கு நம்பலாமா கூடாதா என்று கண்டுபிடிக்கத்தான் எங்கள் ஆய்வே. பெரிய டாக்டர் முதல் நாளே சொன்னார், "இதை நம்பி யாருக்கும் ஒண்ணும் சொல்லிராதீங்க" என்று. எனக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பினேன். நீ கேட்டதும் வெறுங்கையோடு நிற்க மனம் வரவில்லை. ஏதோ ஒன்று கொடுத்த பெருமை எனக்கு.

அடுத்த ரயிலில் வருகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 1

தம்பிக்கு,

வராதே என்று, நீ ரயில் ஏறுமுன் போனில் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். வராதே.

உன் கடிதம் பூட்டிய கதவின் கீழே ஒரு வாரம் கிடந்தது. நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஜூலை ஆறாம் தேதி காலையில் பலகைமேல் ஏற்றினேன். ஏறினாள். கைப்பிடியைப் பிடித்தாள். எண் வருவதற்குள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். தூக்கினேன் தம்பி. ஒரு துணிமூட்டையைத் தூக்குவது போல என்னால் ஒற்றை ஆளாகத் தூக்க முடிந்தது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இடுப்பெலும்பில் முறிவு. சிறுநீரகம் பாதி வேலை செய்கிறது, சரியாகலாம் என்கிறார்கள். தைராய்டும் குறைவாம், யாரும் பார்க்கவே இல்லை. சின்ன டாக்டரம்மா ஒருத்தி கேட்டாள், "வீட்டுல சாப்பாட்டுக்குக் கஷ்டமாம்மா?" நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

கண்டிப்பு என்று எழுதினேனே, அது என்ன தெரியுமா? சமையலறைக்குப் பூட்டுப் போட்டேன். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். உன் ஜூன் கடிதம் வந்த அன்று பென்சிலைப் பிடுங்கி அவள் கையில் அடித்தேன். "அம்மா, ஸாரி" என்றாள். அவள் கேட்டாள் ஸாரி.

முப்பது வருடமாக அளவெடுத்துத் தைக்கிறவள் நான். ஒருத்திக்கு வெட்டின சட்டை இன்னொருத்திக்குப் பொருந்தாது என்பது எனக்குத் தெரியாதா? யாருக்கோ வெட்டின சட்டையை என் பிள்ளைக்கு மாட்டினேன். பொருந்தவில்லை என்றதும் பிள்ளையை வெட்டினேன்.

கத்தியைக் கொடுத்தவன் நீ. இனி எழுதாதே.

அக்கா


செப்டம்பர் 9

தம்பிக்கு,

உன் இரண்டு கடிதங்கள் வந்தன. பிரிக்கவில்லை. பீரோவில் இருக்கின்றன. ஆனால் எனக்கு வேறு ஆளில்லை.

வீட்டுக்கு வந்துவிட்டோம். தடி ஊன்றி நாலு எட்டு நடக்கிறாள். தூங்கும்போது மூச்சுக்காக முகத்தில் மாட்டும் கருவி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். மூச்சு நிற்பதில்லை. எடை குறையும்வரை ஏன் காத்திருந்தீர்கள், இதை முதலிலேயே தந்திருக்கலாமே என்றார்கள்.

இப்போது வேறு கேடு வந்திருக்கிறது. சாப்பிட மாட்டேன் என்கிறாள்.

தட்டை வைத்தால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்கிறாள். "மொதல்ல நம்பர்" என்கிறாள். அந்தக் கருவியை நான் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டாயிற்று. இல்லை என்றால் குளியலறைத் தரையில் ஒரு சதுரக் கல்லின்மேல் போய் நிற்கிறாள். கைகளை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொள்கிறாள். குனிந்து பார்த்து, "கீழ வரல. வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறாள். கெஞ்சினேன். காலில் விழுந்தேன். "அம்மா, நான் சமத்து. நான் சாப்ட மாட்டேன்" என்று எனக்கே ஆறுதல் சொல்கிறாள். நான் சொல்லிக் கொடுத்த பாடம் தம்பி. எதையும் இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டவள் இல்லை அவள்.

கஞ்சியைக் குழாய் வழியாக ஏற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்கிறாள். அதற்குமுன் தசையும் எலும்பும் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று சரியாகத் தெரிய வேண்டுமாம். பெரிய கருவி இருக்கும் இடத்துக்குச் சீட்டு எழுதினாள். பார்த்தேன். உன் இடம்.

அக்டோபர் பத்தாம் தேதி கூட்டி வருகிறேன். நீ ரயிலடிக்கு வரவேண்டாம்.

அக்கா


அக்டோபர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். மைனாவுக்கு வண்டியில் கால் வலித்ததா?

நீ உள்ளே வரவில்லை. அளக்கும் இடத்தை இனிப் பார்க்க மாட்டேன் என்று வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாய். வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்க்கவும் இல்லை, நானும் பேசவில்லை. உள்ளே நடந்தது உனக்குத் தெரிய வேண்டும். அதனால் எழுதுகிறேன். இதையாவது பிரித்துப் படி.

அவளைத் தூக்கிப் படுக்கவைத்தேன். தோடு, தலைமுடிக் கிளிப் எல்லாவற்றையும் கழற்றினேன். அசையாமல் இருக்க மற்றப் பிள்ளைகளுக்குப் படம் காட்டுவோம், பாட்டுப் போடுவோம். அவளுக்கு எதுவும் தேவைப்படவில்லை. கட்டை மாதிரிக் கிடந்தாள். இந்த வேலையில் பதினாறு வருடத்தில் இவ்வளவு அசையாமல் கிடந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. கருவியின் கை மேலே போகும்போது கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்த்தாள்.

முடிந்ததும், "நம்பர் எவ்ளோ மாமா?" என்றாள்.

நான் திரையைப் பார்த்தேன். எனக்குப் பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை அக்கா. கொழுப்பு இருபத்தாறு.

"முப்பதுக்குக் கீழ வந்துட்ட மைனா" என்றேன். "எப்பவோ வந்துட்ட."

"ஜெயிச்சாச்சா?"

"ஜெயிச்சாச்சு."

"அம்மாகிட்ட சொல்லு" என்றாள். "அப்ப சாப்டலாமா?"

"சாப்பிடலாம். என்ன வேணும்? இப்பவே வாங்கித் தரேன்."

யோசித்தாள். "நாளைக்கு" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

டாக்டரம்மாவுக்கு முழு அறிக்கை போய்விட்டது. உன்னிடம் மறைக்க மாட்டேன். தசை மிகவும் குறைவு. நாங்கள் அளந்த எழுபது பேரிலும் இவ்வளவு குறைவாக ஒருவருக்கும் இல்லை. எலும்பும் மெலிந்திருக்கிறது. திரும்பி வரும், ஆனால் முழுவதும் வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் சாப்பிட வேண்டும், நடக்க வேண்டும். அவ்வளவுதான் மருந்து.

நான் செய்ததைப் பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டேன். என்னை அளக்கும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நியாயம்தான். இப்போது பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறேன். சின்னக் கருவியை எந்த வீட்டுக்கும் கொடுக்கக் கூடாது என்று அறிக்கையின் முதல் பக்கத்தில் போடப்போகிறார்கள்.

நீ பதில் எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

தம்பி


டிசம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் முதுகு எப்படி இருக்கிறது? சீட்டு ஒட்டும் வேலையில் உட்கார இடம் கொடுத்திருக்கிறார்களா?

உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். போகவில்லை. என்மேல் எனக்கிருப்பதும் போகவில்லை. பீரோவில் இருந்த கடிதங்களைப் பிரித்தேன். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அங்கிருந்து வந்தபிறகு நான் ஊட்டினால் வாயைத் திறந்தாள். "ஜெயிச்சாச்சு, திற" என்றால் ஒரு வாய். மறுபடி சொன்னால் இன்னொரு வாய். ஒரு தட்டுக்கு இருபது தடவை சொன்னேன். குழாய் போடாமல் தப்பித்தோம், அவ்வளவுதான். தானாகக் கை நீட்டி எதையும் எடுத்ததில்லை. முன்னால் ஒரு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனால் சாயங்காலம்வரை அது அங்கேயே கிடக்கும். அவளும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

போன மாதக் கடைசியிலிருந்து கூடத்துக்கு அனுப்புகிறேன், அரை நாள் மட்டும். தடியோடு போகிறாள். நேற்று பதினொரு மணிக்குக் கூடத்துப் பொறுப்பாளர் அம்மாவிடமிருந்து போன். "உடனே வாங்க." "என்னாச்சு, விழுந்துட்டாளா?"

"விழல. வாங்க, பேசணும்."

வாயில் வைத்திருந்த ஊசியோடு ஓடினேன். பாதி வழியில்தான் அதைத் துப்பினேன்.

அங்கே மெழுகுவத்தி அடுக்கும் மேசையில் ஒரு பெண் ஓவென்று அழுதுகொண்டிருக்கிறாள். முன்னால் காலி டப்பா. எதிரில் மைனா, மோவாயெல்லாம் மஞ்சள் கரு. பொறுப்பாளர் அம்மா இடுப்பில் கைவைத்து நிற்கிறார்.

"உங்க பொண்ணு திருடிட்டா. இந்தப் பிள்ளை கை கழுவப் போன நேரத்துல டப்பாவத் தொறந்து, ரெண்டு முட்டை, நாலு துண்டு ரொட்டி, ஒண்ணு விடல. கேட்டா இல்லங்கறா."

"நான் இல்ல" என்றாள் மைனா, வாய் நிறைய வைத்துக்கொண்டு.

நான் அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது. அந்த அம்மாவுக்குக் கோபமான கோபம். "சிரிக்கிறீங்களே, நல்லாவா இருக்கு? வீட்டுல கண்டிச்சு வைக்கணும்."

"கண்டிக்கிறேன்மா" என்றேன். என்னால் முடியுமா? அழுத பிள்ளைக்கு ஓடிப்போய் ரொட்டியும் முட்டையும் வாங்கி வந்தேன். அதிலும் மைனாவுக்கு ஒரு கண்.

முட்டை ஓட்டை மேசைக்கடியில் ஒளித்துவைத்திருந்தாள் தம்பி. நான் குனிந்து பொறுக்கினேன். பொடிப்பொடியாக உரித்திருக்கிறாள், அவள் விரலுக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்குமோ. ஜெயிச்சாச்சு என்று யாரும் சொல்லவில்லை. யாரும் ஊட்டவில்லை. அவளும் யாரிடமும் எவ்வளவு என்று கேட்கவில்லை.

ஜனவரியில் உனக்கு நாலு நாள் விடுமுறை கிடைக்குமா? கேட்டுப் பார். வந்தால் வெறுங்கையோடு வா.

உன் அக்கா